ஒரு விரற்கடை தள்ளி வைத்த புள்ளி

1

இந்தக் கதை ஒரு படத்திலிருந்து வந்தது. எந்தத் தொழில்நுட்பம் நிலைக்கும் என்று கணித்து எங்கள் நிறுவனம் ஆண்டுதோறும் விற்கும் படம். மலைபோல் ஏறி, பள்ளத்தில் விழுந்து, பிறகு சமவெளியில் ஓடும் ஒரு கோடு; அதன்மேல் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தொழில்நுட்பம். உச்சியில் இருந்தால் வெறும் ஆரவாரம். பள்ளத்தைத் தாண்டிவிட்டால் நிலைக்கும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஏஐ ஏஜென்ட் என்னும் புயல் உலகையே புரட்டிப்போட்ட…’

வேண்டாம். ஏஜென்ட் என்பது ஆள் இல்லாமல் தானே வேலையை முடிக்கும் ஒரு மென்பொருள்; புயலும் இல்லை, உலகமும் இல்லை. ஓஹையோவில் ஒருவனுக்கு ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான்.

2

கெண்ட்ரா நோவிக்கி, கனெக்டிகட்டில் எங்கள் அலுவலகத்தில் அந்தப் புள்ளிகளை வைப்பவள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். (என் வீட்டில் நான். அதனால் அவள்மேல் எனக்குப் பாசம் கூடுதல். கதைக்கு அது நல்லதல்ல.) அண்ணன் டாரில், ஓஹையோவின் டொலிடோவில் கண்ணாடித் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக உலைப் பக்கம் நிற்கிறான். செவ்வாய் மதியம் கூப்பிட்டான்.

“என்ன மேடம், பிஸியா?”

“சாண்ட்விச் தின்னுட்டிருக்கேன். சொல்லு.”

“உங்க படத்த யூனியன் ஹால்ல ஒட்டியிருக்காங்க. ஏஜென்ட் பள்ளத்தத் தாண்டிருச்சாமே. அதுக்கு ஒரு வருஷப் படிப்பு இருக்கு. வெள்ளிக்கிழம வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு சேரப்போறேன்.”

“லூசா நீ? நாளைக்குத் திரும்பி வந்தா சீனியாரிட்டி போயிருக்கும். நேத்து சேந்தவனுக்குக் கீழ நிப்ப.”

“அப்ப உன் புள்ளி பொய்யா?”

3

அவள் அழுதாள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். நோவிக்கிகள் அலுவலகத்தில் அழமாட்டார்கள். படத்தின் பழைய வரைவைத் திறந்து பார்த்தாள். அவள் புள்ளி வைத்தது உச்சியில். அச்சில் அது ஒரு விரற்கடை வலப்பக்கம், பள்ளத்துக்கு அந்தப்புறம் இருந்தது.

படம் வரையும் பிரிவில் கிளிஃபிடம்* போய்க் கேட்டாள்.

“உச்சியில ஏகப்பட்ட பேரு, எழுத்து இடிச்சுது. கொஞ்சம் தள்ளி வெச்சேன். யாரு பாக்கப்போறா?”

* கிளிஃப் என்று யாரும் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தது நான். அன்று எனக்கு ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது.

4

முடிவு ஒன்று: கெண்ட்ரா அண்ணனைத் தடுக்கிறாள். மூன்றே வருடத்தில் ஆலை மூடுகிறது. “நீதானே போகாதேன்ன?” என்கிறான்.

முடிவு இரண்டு: அவள் வாயை மூடிக்கொள்கிறாள். அவன் படித்து முடிக்கும்போது அந்தப் படிப்பை யாரும்…

இரண்டையும் நான் நம்பவில்லை. எனக்குக் கோபம் வேறு இடத்தில். நாங்கள் தவறினால் அடுத்த ஆண்டு புதுப் படம் விற்போம். நம்பியவன் தவறினால் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். ‘எங்களுக்குத் தெரியாது’ என்று எழுத அந்தப் படத்தில் இடமே விட்டதில்லை.

5

வியாழன் மதியம் அவள் கூப்பிட்டாள். இதுவரை உறுதி.

“டாரில், அந்தப் புள்ளி தப்பு. எழுத்து இடிக்குதுன்னு தள்ளி வெச்சிருக்காங்க.”

அவன் பக்கம் உலைச் சத்தம் கேட்டது.

“நெசமாவா? சரி. அப்ப சரியான எடம் எது?”

“உச்சி. நான் அங்கதான் வெச்சேன்.”

“எப்படித் தெரியும் உனக்கு?”

ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கைதூக்கி முடிவு செய்தோம் என்று அவள் எப்படிச் சொல்வாள்? நான்கு நாளாக அவளுக்கு ஒரு பதில் எழுதிப் பார்க்கிறேன். ‘கெண்ட்ரா சொன்னாள்,’ என்பதோடு நிற்கிறது.

டாரில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான். நாளை வெள்ளி. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். இடம் போதவில்லை என்று எதையும் தள்ளி மட்டும் வைக்காதீர்கள்.