ஹெதர் சொன்ன ஊர்

ரஸ்ஸல் ஆறரைக்கு எழுந்தான். கெட்டிலைப் போட்டான். முகம் மழித்தான். இரண்டு துண்டு ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். மழை விட்டதா என்று ஜன்னல் வழியே பார்த்தான். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் அது விடுகிற மழையாக இல்லை. சனிக்கிழமை. அவன் மனைவி ஹெதர் இறந்து ஏழு மாதம்.

ஒன்பது மணிக்கு டீன் வந்தான். பள்ளிக்கூடத்து நண்பன், சுவர் பூசுகிறவன். இருவருக்கும் வயது நாற்பத்தேழு. ஒரு கையில் மடிக்கணினி, மறு கையில் ஒரு காகிதப் பை, இடுப்பில் வேலைக்குக் கொண்டுபோகும் அளவுநாடா.

"எங்கடா உன் பெட்டி? கொண்டா, அளக்கணும். அரை இஞ்சு கூடினாலும் விமானத்துல ஏத்த மாட்டான்."

ரஸ்ஸல் பெட்டியைக் கொண்டுவந்தான். டீன் மூன்று பக்கமும் அளந்தான். சக்கரத்தையும் சேர்த்து மறுபடி அளந்தான். பிறகு மடிக்கணினியைத் திறந்து மேஜை முன்னால் உட்கார்ந்தான். லிஸ்பன், நான்கு நாள், மே மாதம்.

"கட்டில் ஒண்ணா ரெண்டான்னு கேக்குது."

"ரெண்டு. முடிஞ்சா வேற வேற மாடியில."

"என் குறட்டை அவ்ளோ மோசமில்லடா. என் பொண்டாட்டி இருபது வருஷமா பக்கத்துலதான் தூங்கறா."

"அவளுக்குக் காது மந்தமாயிடுச்சுன்னு அவளே சொன்னா."

டீன் சிரித்தான். "அந்த ஊர் பூரா மேடாம். என் முட்டிக்குன்னு தனியா செருப்பு வாங்கியிருக்கேன். கெழவன் செருப்பு. போட்டோ எடுத்தீன்னா கொன்னுடுவேன்." பணம் கட்டும் பக்கம் வந்தது. ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. டீன் கையை எடுத்துக்கொண்டான். "இரு. முதல்ல இதப் பாரு."

காகிதப் பையிலிருந்து இரண்டு நீலச் சட்டைகளை எடுத்து மேஜைமேல் விரித்தான். முதுகில் வெள்ளை எழுத்து: 'டீனோட லிஸ்பன் போ. வீட்ல முடங்காத. - ஹெதர்'. நண்பர்கள் சேர்ந்து ஊர் சுற்றப் போனால் சட்டை அச்சடிப்பது அவர்களுக்குள் வழக்கம். வழக்கமாகக் கேலியாக ஏதாவது இருக்கும். இதில் கேலி இல்லை.

ரஸ்ஸல் எழுத்துகளைப் பார்த்தான். இதைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் நடக்க வேண்டும். அவள் பெயரை முதுகில் சுமந்துகொண்டு, அவள் சொல்லாததை.

"டீன், அவ இதச் சொல்லல."

"எத?"

"இத. கடைசியா அவ சொன்னது இதில்ல."

சவ அடக்கத்துக்கு நான்கு நாள் முன்பு, சடங்கை நடத்தித் தருகிற அம்மாள் வீட்டுக்கு வந்திருந்தாள். கடைசியாக அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். உண்மையைச் சொல்ல ரஸ்ஸலுக்கு வெட்கமாக இருந்தது. வாயில் வந்த ஊரைச் சொல்லி, ஹெதர் அங்கே போகச் சொன்னதாகச் சொல்லிவிட்டான். அந்த அம்மாள் அதைக் கூட்டத்தில் வாசித்தாள். முதலில் அழுதவன் டீன்தான்.

இப்போது டீன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "நான் அழுதேன்டா. எங்கம்மா முன்னாடி."

"தெரியும்."

"வேலைத்தளத்துல ஒருத்தன் விடாம சொல்லியிருக்கேன். ஹெதரோட உத்தரவு, லீவு குடுங்கன்னு."

"தெரியும். போக வேணாம்னா சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

டீன் ஒரு சட்டையை மடித்தான். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தான். பிறகு கேட்டான்: "அப்ப என்னதான் சொன்னா?"

"ஆஸ்பத்திரியில டிவி ஓடிட்டிருந்துச்சு. மத்தியான வினாடி வினா. காலைலேர்ந்து அவ கண்ணத் தெறக்கல. ஸ்லொவீனியாவோட தலைநகரம் எதுன்னு கேட்டாங்க. போட்டியில இருந்தவன் பிராட்டிஸ்லாவான்னான்."

"அதானே?"

"நானும் அதத்தான் சொன்னேன். நர்சும் அதத்தான் சொன்னா. அது ஸ்லொவாக்கியாவோட தலைநகரம். ஹெதர் கண்ணத் தெறக்காமலே எங்களத் திருத்தினா. அப்புறம் பேசவேயில்ல."

டீன் அவனையே பார்த்தான். வெள்ளிக்கிழமை மதுக்கடையில் நடக்கும் வினாடி வினாப் போட்டியில் பதினோரு வருஷம் அவர்கள் அணிக்குத் தலைவி அவள். எதிர் அணிக்காரர்கள் அவள் வந்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

"அவ்ளோ மருந்து ஏத்தியிருந்தாங்களே. அப்பவும் சரியா சொன்னாளா?"

"சரியா சொன்னா. மூணு பேரும் தப்பு, அவ மட்டும் சரி." சொல்லும்போது ரஸ்ஸலின் முதுகு தானாக நிமிர்ந்தது. ஏழு மாதத்தில் அவனுக்கு முதல்முதலாக ஏதோ பொங்கியது. அது துக்கம் இல்லை. இதை ஏன் ஒளித்துவைத்தோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

"இதப் போயி மறைச்சியே, முட்டாப் பயலே!" டீன் மேஜையைத் தட்டினான். கண் நனைந்திருந்தது. "ஊருக்கே சொல்லியிருக்கணும்டா. அந்தம்மா இத வாசிச்சிருந்தா மண்டபமே எழுந்து கை தட்டியிருக்கும்!"

லிஸ்பன் பக்கத்தை மூடினான். புதுப் பக்கம் திறந்து, 'எங்கே போகிறீர்கள்' என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஊர் பேரச் சொல்லு. இல்ல, இரு. சட்டையிலயும் போடணும். அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

ரஸ்ஸல் சொன்னான்.

"லுப்லியானா. ரெண்டு பேரும் வாய மூடுங்க."