இரண்டு வீட்டு முழங்கால்

கொல்லம் 1126-ஆம் ஆண்டு, அதாவது இங்கிலீஷ் 1951-இல், தை முதல் பங்குனி வரை, கிளிப்பொத்தை மிஷன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் ரசலையன் சார் கட்டிலில் கிடந்தபடி செய்த தேகப்பயிற்சியின் பலன் முழுவதும், வேலிக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த கோலப்ப பிள்ளையின் உடம்பில் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் மரச்சீனிக் கிழங்குக்கு நல்ல விலை இருந்தது. அணைத் தண்ணீர் கடைசி வயல் வரை வந்தது. தோவாளையில் பிச்சிப்பூவை அள்ளிக்கொண்டு போக ஆளில்லாமல் மாட்டுக்குப் போட்டார்கள். இவற்றோடு இதுவும் நடந்தது.

சாருக்கு முழங்கால் போனது பள்ளிக்கூட ஆண்டு விழாவில். ஆண்டு விழா என்றால் பிரமிட் உண்டு. பையன்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்க, உச்சியில் ஒரு பொடியன் கொடி பிடிப்பான். எல்லோருக்கும் அடியில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து சுமை தாங்குவது சார். கைதட்டல் கேட்டால் உடனே சல்யூட் அடிக்க வேண்டும் என்று பையன்களை மாதக்கணக்கில் பழக்கியவரும் அவர்தான். தலைமை தாங்க வந்த பெரிய மனிதர், பிரமிட் பாதி எழும்பும்போதே மனம் நிறைந்துபோய்க் கைதட்டிவிட்டார். பையன்கள் நின்ற நிலையில், பிடித்த பிடியை விட்டுவிட்டு, ஒரே நேரத்தில் சல்யூட் அடித்தார்கள். ஒருவனுக்கும் கீறல் இல்லை, ஏனென்றால் எல்லோரும் சாரின் இடது முழங்காலின் மேல் விழுந்தார்கள்.

எலும்பும் வர்மமும் பார்க்கும் நாராயணபெருமாள் ஆசான் வந்து தடவிப் பார்த்தார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப் போட்டார். அணை கொடுத்துக் கட்ட நல்ல கம்பு கிடைக்காததால் கொல்லை வேலியிலிருந்து இரண்டு பூவரசங்கம்புகளை வெட்டிக்கொண்டு வந்தார். அந்த வேலிக்கு இந்தப் பக்கம் சபைத் தெருவின் கடைசி வீடு, சாருடையது. அந்தப் பக்கம் பிள்ளைமார் தெருவின் கடைசி வீடு, கோலப்ப பிள்ளையுடையது. வேலி இரண்டு வீட்டுக்கும் பொது. அதில் ஒரு கம்பு வெட்டினாலும் இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டு வெட்ட வேண்டும் என்பது அந்த ஊரில் எல்லோரும் அறிந்த முறை. ஆசான் பக்கத்து ஊர்க்காரர், கேட்கவில்லை. "சாரே, காலு அனங்கப்பிடாது. ஆனா மத்த ஒடம்பு சும்மா கெடந்தா துருப்பிடிச்சிரும், பாத்துக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் காலில் கட்டியிருந்த கம்பு துளிர் விட்டது. பூவரசு எங்கே வைத்தாலும் பிடிக்கும் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சார் சும்மா கிடக்கிற ஆள் அல்ல. அக்கா ராஜபாயின் அம்மிக்குழவியை ஒரு கையிலும், அடுத்த வீட்டில் இரவல் வாங்கியதை மறு கையிலும் பிடித்து, மல்லாந்து படுத்தபடியே தூக்கி இறக்குவார். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்து இடுப்புக்கு மேலே எழும்புவார். மூச்சை இழுத்துப் பிடித்து, விடுவார். கிழங்கும் மீனும் அளவாகச் சாப்பிடுவார். இவ்வளவும் செய்தும் அவருக்கு நாளுக்கு நாள் தொப்பை போட்டது. கை பஞ்சுபோலக் குழைந்தது. சாப்பிட்ட உடனே கொட்டாவி வந்தது. வாழ்நாளில் கொட்டாவியே விடாத மனிதர், இது நோயின் போக்கு என்று நினைத்து இன்னும் அதிகமாகக் குழவியைத் தூக்கினார்.

கோலப்ப பிள்ளையோ நாஞ்சில் நாட்டிலேயே பெரிய சுகவாசி. வயலுக்குப் போனால் வரப்பில் குடை பிடித்து நிற்பார், நின்றது அலுத்தால் வீட்டுக்கு வருவார். சாம்பாருக்கு மேலே நெய், அதற்கு மேலே தயிர், பிறகு பாய். அவர் கும்பிடப் போகும் முக்குப் பிள்ளையாருக்குக்கூடத் தோப்புக்கரணம் போட மாட்டார். காதைத் தொட்டுக் கழுத்தை மட்டும் ஆட்டுவார், பிள்ளையாரும் அதைப் போதும் என்று வைத்துக்கொண்டார். அப்படிப்பட்டவரின் புஜம் அந்த மாசியில் உருண்டு திரண்டது. கும்பப்பூ அறுவடையின்போது, மூட்டை தூக்க வந்த ஆள் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, பிள்ளை குடையை மடக்கி வைத்துவிட்டு இரண்டு ஆள் சுமையான ஒரு கோட்டை நெல்லைத் தனியாகத் தூக்கி வண்டியில் வைத்தார். வைத்துவிட்டு அவரே பயந்துபோனார். ஊர் அன்றிலிருந்து அவரைப் பயில்வான் பிள்ளை என்று அழைத்தது, அந்தப் பெயர் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவருடைய மனைவி மீனாட்சியம்மாளுக்குத்தான் இது உறுத்தியது. ஒரு மத்தியானம் கொல்லையில் துணி காயப்போடும்போது வேலி இடுக்கு வழியாக சார் குழவியைத் தூக்குவதைப் பார்த்தாள். திரும்பினால், திறந்த வாசல் வழியாகப் பாயில் குறட்டை விடும் கணவர் தெரிந்தார். சார் தூக்க, இவர் புஜம் புடைத்தது; சார் இறக்க, அடங்கியது. துணி காய்கிறவரை நின்று பார்த்தாள். பிறகு கணவரை உலுக்கி எழுப்பினாள்.

"இஞ்ச பாருங்கோ, அந்தச் சாரு பாடுபடுகாரு, நீங்க பயில்வான் ஆகுதிய. நீங்க திங்கிய நெய்யி அவருக்கு வயித்துல ஏறுது. ஒரு கோட்டை நெல்லத் தூக்குனியளே, அது யாரு கையிண்ணு நெனச்சிய?"

பிள்ளை யோசித்துப் பார்த்தார். ஏற்பாட்டில் தமக்கு நஷ்டம் ஒன்றும் தெரியாததால் மறுபடியும் படுத்தார். மீனாட்சியம்மாள் அன்று இரவு முதல் சோற்றில் நெய்யை நிறுத்தினாள்.

பங்குனியில் ஆசான் வந்து கட்டை அவிழ்த்தார். வீக்கமும் வலியும் போயிருந்தன, ஆனால் முழங்கால் உலக்கைபோல நீட்டி நின்றது. மடக்கினால் உயிர் போயிற்று. "பையத்தான் மடங்கும், மடங்காமலும் போவும்" என்றார் ஆசான். விஷயம் தெரிந்து இராஜாக்கமங்கலத்திலிருந்து ரத்தினம் உபதேசியார் வந்தார். அவருடைய மகள் ஜெபகனிக்கும் சாருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று சபையில் பேசி முடித்திருந்தது. கல்யாண ஆராதனையில் மணமக்கள் பீடத்துக்கு முன்னால் முழங்காற்படியிட்டால்தான் ஆசீர்வாத ஜெபம். உபதேசியார் நாற்பது வருஷமாக மழையிலும் காய்ச்சலிலும் முழங்காற்படியிட்டு, முழங்காலில் காய்ப்பு விழுந்தவர்.

"கர்த்தருக்கு முன்னால முட்டு மடக்காதவனுக்கு எம் பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்றார். "சொகமில்லாத காலு, கசேரி போட்டு இருக்கலாமே" என்று ராஜபாய் சொல்லிப் பார்த்தாள். நாற்காலி என்றதும் உபதேசியார் எழுந்து நின்றார். அவரோடு வந்திருந்த ஜெபகனி சொன்னாள்: "அப்பா, தேதிய மாத்தண்டாம். காலு மடங்குமா மடங்காதாண்ணு ஆவணியில பாத்துக்கிடலாம். எனக்கு இவருதான்." சொல்லிவிட்டு சாரைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்று முதல் சார் முழங்காலை மடக்கப் பாடுபட்டார். கோலப்ப பிள்ளைக்கோ பசி, நெய் இல்லாத கோபம். வேலிப் பக்கம் போய் நின்றபோது, சார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் துண்டை வாயில் கடித்தபடி காலை அமுக்குவதைப் பார்த்தார். சாரின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கால் மடங்கவில்லை. பிள்ளைக்காக யாரும் இப்படிப் பாடுபட்டதில்லை, அவரும் பட்டதில்லை. சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு நேராக முக்குப் பிள்ளையாரிடம் போனார். கைகளைக் குறுக்கே மாற்றிக் காதுகளைப் பிடித்தார். பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தரைவரை உட்கார்ந்தார். முட்டி இரண்டும் நெல் பொரிவதுபோல் சத்தம் போட்டன. அதே நேரத்தில் சபைத் தெருவின் கடைசி வீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சாரின் முழங்கால் இரண்டு விரற்கடை மடங்கியிருந்தது.

மீனாட்சியம்மாள் வேலி வழியாக சாரிடம் விஷயத்தைச் சொன்னாள், அதன்பிறகு காரியம் வேகமாக நடந்தது. காலையில் கோயில் மணி அடித்ததும் பிள்ளை தோப்புக்கரணம் போடுவார், சாரின் கால் இளகும். சபை மணி அடித்ததும் சார் குழவியைத் தூக்குவார், பிள்ளையின் தோள் அகலும். உழைப்பின் வலி மட்டும் உழைத்தவருக்கே இருந்தது. அதற்கும் வழி கண்டார்கள்: பிள்ளைக்குத் தொடை கடுத்தால் சார் தம் தொடையில் தைலம் தேய்த்துக்கொள்வார், பிள்ளைக்குச் சுகமாக இருக்கும். காலில் கட்டியிருந்த பூவரசங்கம்புகளை இரு வீட்டாருமாகச் சேர்ந்து, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு, பழைய இடத்திலேயே நட்டார்கள். ஆனியில் சார் கம்பூன்றி நடந்தார். ஆடியில் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடினார், பையன்கள் கைதட்டிக்கொண்டே பின்னால் ஓடினார்கள். தொப்பை கரைந்தது. ஆனால் தரையில் ஊன்றுகிற அளவுக்கு முழங்கால் மடங்க வேண்டுமென்றால் மட்டும், அந்த நேரத்தில் பிள்ளை குந்தியிருக்க வேண்டும். அவர் எழுந்தால் இதுவும் நிமிர்ந்துவிடும்.

ஆகவே ஆவணியில், இராஜாக்கமங்கலம் சபையில் கல்யாண ஆராதனை நடக்கும்போது, வெளியே புன்னை மரத்தடியில் திருநீறு பூசிய கோலப்ப பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு ஆயத்தமாக நின்றார். மீனாட்சியம்மாள் சன்னலோரம் நின்று உள்ளே பார்த்துச் சொன்னாள்: "இருங்கோ." பிள்ளை குந்தினார். உள்ளே சார் ஜெபகனியின் பக்கத்தில் முழங்காற்படியிட்டார். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார்.

அந்தப் போதகர் ஜெபத்துக்குப் பெயர்போனவர். மணமக்களில் தொடங்கி, சபைக்கும், மழைக்கும், வள்ளத்தில் போனவர்களுக்கும், திருவிதாங்கூர்-கொச்சி மந்திரிமாருக்கும், அவர்களுக்கு எதிர்க்கட்சிக்காரருக்கும் ஜெபித்தார். பிள்ளையின் தொடை நடுங்கியது. வியர்வை காது வழியாகக் கையில் வழிந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்கோ, கொரியாச் சண்டைக்கு வந்துட்டாரு" என்றாள் மீனாட்சியம்மாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "ஏட்டி, நான் சாஞ்சிருவேன் போலிருக்கே" என்றார் பிள்ளை. உள்ளே சாரின் முழங்கால் தரையைவிட்டு எழும்பத் தொடங்கியது. ஜெபகனி அதைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள்.

ரத்தினம் உபதேசியார் மாப்பிள்ளையின் முழங்காலைச் சோதிக்க ஒரு கண்ணைத் திறந்தார். முட்டு ஏறி இறங்குவதைக் கண்டார். மகள் திரும்பிச் சன்னல் வழியாக வெளியே பார்ப்பதையும் கண்டார். அவரும் பார்த்தார்: வெளியே ஒருவர் எழும்பித் தாழ, உள்ளே முட்டும் எழும்பித் தாழ்ந்தது. யாரோ ஒரு பிள்ளைவாள், தமக்குச் சம்பந்தமில்லாத கல்யாணத்துக்காக, பற்களைக் கடித்து, கால் நடுங்க, காதை விடாமல் குந்தியிருப்பதைப் பார்த்தார். நாற்பது வருஷம் முழங்காலில் நின்றவருக்கு அது என்ன வலி என்று தெரியும். போதகர் அடுத்த தேசத்துக்குப் போக மூச்சு வாங்கிய இடத்தில், உபதேசியார் கூரை அதிரும்படி "ஆமென்" என்றார். பழக்கத்தில் சபை முழுவதும் "ஆமென்" என்றது. போதகருக்கு வேறு வழியில்லை, அவரும் சொன்னார். வெளியே பிள்ளை எழுந்தார், உள்ளே மாப்பிள்ளை எழுந்தார். அன்றைய விருந்தில் உபதேசியார் பிள்ளைக்குத் தாமே இலை போட்டார். பிள்ளைமார் அங்கே கை நனைப்பதில்லை என்றாலும், பிள்ளைக்கு இருந்த பசியில் பிரதமன் பாயசம் மூன்றாம் தடவை வருகிறவரை அது நினைவுக்கு வரவில்லை. மீனாட்சியம்மாள் காணாதவள்போல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தாறு நவம்பரில் தமிழ்த் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னையோடு சேர்ந்தபோது, பள்ளிக்கூட அணிவகுப்பை ரசலையன் சார் கால் உயர்த்தி நடத்திப் போனார். முன்னால் பெரிய கொடிக்கம்பத்தை ஒற்றைக் கையில் பிடித்துப் போனது கோலப்ப பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிளிப்பொத்தைச் சபையில் முழங்காற்படியிடும் நேரத்துக்கு ஒரு மணி தனியாக அடித்தார்கள், அது முக்குப் பிள்ளையார் கோயில்வரை கேட்கும். அந்த மார்கழியில் பிள்ளைக்குக் காய்ச்சல். எல்லோரும் முழங்காற்படியிட்டிருக்க சார் மட்டும் நின்றார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மகளைப் பார்க்க வந்திருந்த ரத்தினம் உபதேசியார் மட்டும் எழுந்து வெளியே போனார். பயற்றங்கஞ்சி வாங்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பைய எழும்புங்கோ பிள்ளே, அவசரமில்ல, அவன் நிக்கட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு சார் முழங்காற்படியிட்டார். போதகர் வேலிக்கு இரண்டு பக்கத்துக்குமாக ஜெபித்தார், சுருக்கமாக.