மேலே கேட்ட விசில்

அந்தப் பழைய நாடக அரங்கத்தில் பேய் இருக்கிறது என்று ஊரே சொல்லும். அதைக் கட்டிய முதலாளி செத்தும் போக மனமில்லாமல் விசிலடித்துக்கொண்டு திரிகிறாராம். தையலக்கா இதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார்ந்து நடிகர்களுக்கு உடை தைப்பவள் அவள். உயிரோடிருக்கிற நடிகர்கள் படுத்துகிற பாடு போதாதா, செத்தவர்களுக்கு வேறு பயப்பட வேண்டுமா என்பாள்.

ஆனால் போன மாதம் அந்த விசில் அவள் வீட்டுக்காரர் தலையில் வந்து விடிந்தது.

அவர் அங்கே கயிற்றுக்காரர். மேடைக்கு மேலே பலகையில் நின்று காட்சித் திரைகளை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் வேலை. கீழேயிருந்து ஒரு விசில் வந்தால் இறக்க வேண்டும், இரண்டு வந்தால் ஏற்ற வேண்டும். அதனாலேயே மேடைப் பக்கம் வேறு யாரும் விசிலடிக்கக் கூடாது. அடித்தால் அன்றே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அன்று ஒத்திகையில் ராஜா வேஷக்காரர் நட்டநடு மேடையில் நின்று வசனம் பேசிக்கொண்டிருந்தபோது காடு வரைந்த திரை சரசரவென்று இறங்கியது. அடியில் இருந்த மரக்கட்டை அவர் தோளைப் பெயர்த்துவிட்டது. விசில் கேட்டுத்தான் இறக்கினேன் என்று கயிற்றுக்காரர் அடித்துச் சொன்னார். கீழே இருந்த ஒருவர் காதிலும் எந்த விசிலும் விழவில்லை.

மேனேஜர், விசாரித்துச் சொல்கிறேன் என்று அவரை வீட்டில் உட்காரவைத்தார். கையோடு, "இங்கதாங்க பேய் விசிலடிச்சுது" என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மேடையைக் காட்டவும் ஆரம்பித்துவிட்டார்.

பேயாம் பேய்! வாயும் பல்லும் உள்ள எவனோ அடித்த விசில் என்று தையலக்கா கறுவினாள். முதல் சந்தேகம், எல்லோரும் பவுடர் என்று கூப்பிடுகிறவன் மேல். ஒப்பனைக்காரனான அவனுக்கும் ராஜா வேஷக்காரருக்கும் ஏழாம் பொருத்தம். அடுத்து மேனேஜர். பேயால் கூட்டம் அள்ளுகிறதே, கசக்குமா என்ன? ஆனால் மனதை அரித்தது இந்த இரண்டு பேருமில்லை. பேய் என்று சொன்னாலே சிரிக்கிற அவள் வீட்டுக்காரர்தான்.

"விசில் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு? அதையாவது சொல்லுங்களேன்."

"பேயா இருக்கும். விடு."

"நீங்களா இப்படிப் பேசுறீங்க?"

"விடுன்னா விடேன்."

மனுஷர் முகம் கொடுத்தே பேசவில்லை. எதையோ மறைக்கிறார். குடித்துவிட்டு மேலே ஏறியிருப்பாரோ? துவைக்கப் போட்ட சட்டைகளை எல்லாம் மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. அதுவும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நேற்று மேனேஜர் அவளைக் கூப்பிட்டு நேராகவே கேட்டார். "அன்னைக்கு அவர் குடிச்சிருந்தாராம்மா? இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கே வரச் சொல்லிடறேன்."

மோந்து பார்த்த சட்டைகள்தான் அவள் நினைவுக்கு வந்தன. "எனக்குத் தெரியாது சார்" என்றுதான் வந்தது.

இன்று காலை ஒத்திகை. பவுடரைக் கண்ணுக்கெட்டிய இடத்தில் வைத்திருக்கலாமென்று, கோட்டுக்கு அளவெடுக்கணும் என்று அறைக்குள் கூப்பிட்டுக்கொண்டாள். குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கவ்வியபடி அவன் தோளில் துணியை மடித்து மடித்துக் குத்தினாள். கண் மட்டும் அவன் வாய் மேலேயே இருந்தது. அவன் உதட்டைக்கூட அசைக்கவில்லை.

தடதடவென்று படி இறங்கி வந்தான் புதுக் கயிற்றுக்காரன். முகத்தில் ஈயாடவில்லை. "மறுபடியும் விசிலடிக்குதுக்கா. என் காதுகிட்டயே கேக்குது. என்னால முடியாது, நான் கிளம்புறேன்."

"நாங்க இங்கதான இருக்கோம்? ஒண்ணும் கேக்கலையே" என்றாள் தையலக்கா, ஊசிகளைக் கையில் துப்பிவிட்டு.

பவுடர் சிரித்தான். "ஏன்க்கா, நான் வந்ததுலேருந்து நீங்கதான அடிச்சிட்டிருக்கீங்க?"

"நானா?"

"வாயில ஊசி வெச்சா உங்களுக்கு மெல்லிசா விசில் வருமே. எல்லாருக்கும் தெரியும். பக்கத்துல நிக்கிறவனுக்கே பாதிதான் கேக்கும், அது எப்படி மேல..."

அவன் பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் நாற்காலிக்குப் பின்னால் காற்றுப் போக்கியின் சதுர வாய் திறந்திருந்தது. அது சுவருக்குள்ளேயே ஏறிக் கயிற்றுக்காரர் நிற்கிற பலகையருகில் போய்த் திறக்கும். அன்றைக்கும் தையலக்கா வாயில் ஊசியோடு இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"தெரியும்" என்றார். "கை முந்திக்கிச்சு. திரை பாதி இறங்கின பிறகுதான் இது உன் விசில்னு உறைச்சுது. வீட்டுல தினமும் கேக்குறதுதான?"

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உன் சீட்டைக் கிழிப்பாங்க. ராஜா வேஷக்காரர் தோளைப் பாக்கும்போதெல்லாம் நீ வேற குமைஞ்சு சாவ. பேய் மேல போட்டா யாருக்கு நஷ்டம்?"

அவளுக்கு அழுகை முட்டியது. "மேனேஜர் நேத்து என்னைக் கேட்டாரு. நான்..."

"ராத்திரியே போன்ல சொல்லிட்டாரு. உங்க வீட்டம்மாவே உறுதியாச் சொல்லலை, இனிமே வர வேண்டாம்னு." இப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். "வேலை போனதுகூடப் பரவாயில்ல. நீ அப்படி நினைச்சதுதான் தாங்க முடியல."

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. வாசலில் கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டினாள்.

"எங்க போற?"

"மேனேஜர்கிட்ட. பேய் நான்தான்னு சொல்லப் போறேன்."

"வேலை போயிடும்டி."

"போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.