பூவில் அப்பன் சாடை

கலப்புச் செடியில் முதல் பூ விரிந்ததும் சுப்பராயன் அண்ணன் ஊரையே கூட்டிவிடுவார் என்று நினைத்திருந்தேன். மனிதர் தொட்டியின் முன்னால் குந்தி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னா செல்வி இது? அம்மா செடி மாதிரியே கீது. அப்பன் சாடை எங்க?"

அதற்கு என்ன காரணம் இருக்கலாம் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சேரப்பணஞ்சேரியில் அவருடைய ஆர்க்கிட் பண்ணைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் இருந்தேன். ஷிப்ட் தொடங்கியதும் ஸ்டிக்கர்களை எல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் அங்கே வேலையில் கை வைப்போம். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டு வந்தது. 2010இல் ஒரு நாள், ஸ்லிப்பர் ஆர்க்கிட்டில் ஒரே மாதிரி இரண்டு பச்சைப் பூக்கள். ஒன்றுக்கு அதன் மகரந்தத்தையே வைக்க வேண்டும். மற்றதற்கு, இதழ் ரிப்பன் போல முறுக்கித் தொங்கும் வேறொரு வகையின் மகரந்தம். சீட்டுகள் முன்பே எழுதியாகிவிட்டன. பல்குச்சியால் வைத்துவிட்டு நிமிர்ந்தால், எந்தப் பூவுக்கு எதை வைத்தேன் என்பது மறந்துபோயிருந்தது. குத்துமதிப்பாகச் சீட்டைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு காயின் விதை முளைக்கவே இல்லை. 'கலப்பு' என்று நான் சீட்டுக் கட்டிய காயிலிருந்து நூற்று நாற்பது செடிகள். அண்ணன் அவற்றை நான்கு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தார். சீட்டு மாறியிருந்தால் அத்தனையும் பழைய பச்சைச் செடிதான். அவர் உழைப்பும் வீண், என் பேரும் நாறிவிடும்.

"பொறுங்கண்ணே, பூ இன்னும் முழுசா விரியல," என்றேன். நம்பிக்கையில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன்.

தினமும் காலையில் பக்கவாட்டு இதழை ஸ்கேல் வைத்து அளந்தேன். முதல் நாள் ஐந்து சென்டிமீட்டர். அம்மா செடியின் அளவு அதுதான். மறுநாளும் ஐந்து. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஆறரை. கண்ணை நம்பாமல் வேறு ஸ்கேல் எடுத்து வந்தேன். அதிலும் ஆறரை! ஆறாம் நாள் இதழ் பத்தைத் தாண்டித் தொங்கியது. நுனியில் ஒரு முறுக்கு, ஓரத்தில் மெல்லிய முடி. அம்மா செடியின் இதழில் முடி கிடையாது, மொழுமொழுவென்று இருக்கும். பச்சை நிறமும் செருப்பு முனை போன்ற பையும் மட்டும்தான் அம்மாவுடையவை.

"அண்ணே! ஓடி வாங்க!"

வந்து பார்த்தவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்பன் சாடைதாம்மா! எங்க ஒளிஞ்சிகினு இருந்தான் இவ்ளோ நாளா?"

வந்த நிம்மதியில் என் வாய் நிற்கவில்லை. சீட்டுக் கதையை முழுவதும் கொட்டிவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. அவ்வளவுதான், இன்றோடு கணக்குத் தீர்ந்தது என்று நின்றேன்.

அவர் குனிந்து இதழின் முறுக்கை விரலால் நீவினார்.

"நீ அன்னிக்கே சொல்லிருந்தேன்னா, எது எதுன்னு தெரியாம ரெண்டு காயையும் பிச்சி குப்பையில போட்ருப்பேன்," என்றார். "இந்தப் பூவே வந்திருக்காது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.