கத்திமூலை

எந்தப் பொருளில் வேலை செய்தாளோ, பொழுது சாயும்வரை அச்சுக்காரி அந்தப் பொருளாகவே இருந்தாள். இரும்பு வெட்டிய நாளில் அவள் உட்கார்ந்த நாற்காலி உடைந்தது. ரப்பர் நாளில் படியில் தவறி விழுந்தவள் விழுந்த வேகத்திலேயே மாடிக்குத் திரும்பிவந்தாள். வேலை சுத்தமாக இருந்ததால் பட்டறையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உருக்கிய பிளாஸ்டிக்கை ஊற்றி வார்க்கும் இரும்பு அச்சுகளைச் செய்வது அவள் தொழில். விளிம்புகளைக் கத்தி மாதிரி கூராக எடுப்பாள். 'கத்திமூலை' என்று சொன்னால் அங்கே அதற்குமேல் பாராட்டு கிடையாது.

மூட்டை தூக்கும் அவள் தங்கைக்கு இடது பாதம் இல்லை, லாரிச் சக்கரத்தில் போனது. அக்கா வார்த்துக் கொடுத்த நைலான் பாதம் நான்கே மாதத்தில் கணுக்கால் மடிப்பில் ஒடிந்தது. அலுமினியத்தில் வார்த்ததும் அங்கேதான் ஒடிந்தது. மறுபடி நைலானிலேயே கனம் கூட்டிப் பார்த்தும் அதே இடம். மூன்றாவது முறை மூட்டையோடு விழுந்தபோது மேஸ்திரி, "இன்னொரு தடவ விழுந்தா வீட்லயே இரும்மா" என்று சொல்லிவிட்டார்.

"உன் நைலானத் தூக்கிக் குப்பையில போடுக்கா."

"அது மேல பழி போடாதடி. அது வளையும், லேசுல உடையாது. நான் அதுவா இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை நைலான் மணிகளில் முழங்கைவரை கைவிட்டுப் பிசைந்தாள். உடம்பு நைலானானதும் இடது காலைச் சூடாக்கி அச்சுக்குள் வைத்து மூடினாள். ஆறியபின் எடுத்தால், தங்கையின் பாதம் அச்சு அசலாக அவள் காலில் இருந்தது.

"மூட்டையோட ஏறி மிதிடி."

"வேணாங்க்கா."

"சின்ன வயசுல மிதிக்காததா? மிதி!"

தங்கை ஏறினாள். குதிகால் தாங்கியது. உள்ளங்கால் தாங்கியது. கணுக்கால் மடிப்பில், ஊசிமுனை அளவு இடத்தில், மொத்த பாரமும் வந்து குவிந்தது. அச்சுக்காரி அலறினாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பொருள்ல குத்தமில்லடி. என் கத்திமூலைதான் உன்னக் கவுத்திருக்கு."

பதினெட்டு வருஷம் பேர் வாங்கிக் கொடுத்த அந்த விளிம்பை, அச்சின் கணுக்கால் மடிப்பில், விரல்நுனி வளைவுக்கு அரத்தால் ராவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதே நைலானைத்தான் ஊற்றினாள். பாரம் மடிப்பில் தேங்காமல் பரவியது. தங்கை அந்தப் பாதத்தோடு பதினோரு வருஷமாக மூட்டை சுமக்கிறாள். மேஸ்திரிதான் இடுப்பு விட்டுப்போய் வீட்டில் இருக்கிறார்.

அச்சை ராவிய நாளிலிருந்து பட்டறையில் பெட்டிகளின் உள்மூலைகள் தாமாகவே உருண்டன, மேஜை இழுப்பறைகளும் அப்படியே. அந்த மழைக்காலத்தில் சுவர்களின் மூலைகளும் உருண்டன. "இப்பத்தான் துடைப்பம் ஒழுங்காப் போகுது" என்றார் பெருக்கும் அம்மா.