இடது பக்கக் குழி

காலை ஐந்தரைக்குச் செந்தூர்வேல் எழுந்தான். பல் தேய்த்தான். குளித்தான். மாமியார் சங்கரம்மாள் வைத்த நாலு இட்லியில் மூன்றைத் தின்றான். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்தான். முத்தையாபுரம் ரோட்டில் அந்நேரமே துறைமுகத்து லாரிகள் வரிசை கட்டி நின்றன.

"இன்னைக்கு முடிச்சிருவிய மாப்பிள. எம்மவ வாக்கு பொய்க்காது," என்றாள் சங்கரம்மாள்.

தெருவுக்கே தெரிந்த வாக்கு அது. அவன் மனைவி இந்துமதி சாகும்முன், "அவரு படிச்சு மாட்டு டாக்டர் ஆவணும்" என்று சொன்னாளாம். அவள் சொல்லவில்லை. பிணம் வீட்டுக்கு வந்த அன்று, "கடைசியா என்ன சொன்னா?" என்று மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியபோது, வாயில் வந்ததை அவன் சொல்லிவைத்தான். அதற்குப் பிறகு படிப்பையும் விட முடியவில்லை, அந்த வீட்டையும் விட முடியவில்லை. ஒரு வருடம் ஓடிவிட்டது.

திருநெல்வேலி பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனான். உடற்கூறியல் செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றது. இதுவும் போனால் படிப்பே போயிற்று. உயிருள்ள பசுவின் தோல்மேல் சாக்பீஸால் கோடு போட்டு, உள்ளே எது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

வலது பக்கம் கல்லீரலை வரைந்தான். விலா எண்ணி நுரையீரலின் பின்விளிம்பை வளைத்தான்.

"நல்லாத்தானடே போடுத," என்றார் தேர்வாளர் ஜெயசிங். "இடது பக்கம் வா. முதல் இரைப்பை. தட்டிக் காட்டு."

கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு குழி. வயிறு உப்பிய மாட்டுக்கு அங்கே தட்டினால் கொட்டுச் சத்தம் கேட்கும். அவன் கடைசியாக அந்த இடத்தைத் தட்டிப் பார்த்தது மாட்டில் அல்ல. வயிற்றுவலி என்று படுத்திருந்த இந்துமதிக்கு.

"ஏங்க, நான் என்ன மாடா?" என்று வலியோடு சிரித்தாள்.

"டொம்முனு கேக்கு. வாயுதான்," என்று ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தான். மறுநாள் நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரி. குடல்வால் வெடித்து ஒரு நாளாயிற்று என்றார்கள். அது வலது பக்கம்.

பசுவின் குழிக்கு மேலே அவன் கை அப்படியே நின்றது.

"மாடு ஒன்னய ஒண்ணுஞ் செய்யாதுடே. தட்டு," என்றார் ஜெயசிங். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாக்பீஸைத் தட்டில் வைத்தான். "வரல சார்."

"இது கடைசி சான்ஸுல்லா?"

"தெரியும் சார்."

வீட்டில் சங்கரம்மாள் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"போவட்டும். காலேஜுல மனு எழுதிக் குடுங்க. நானும் கூட வாரேன். அவ ஆசைப்பட்டுச் சொன்னதுல்லா."

"அவ அப்படிச் சொல்லல அத்த. நானாச் சொன்னது."

மீன் உரசிய கை நின்றது.

"அப்ப என்னதான் சொன்னா எம்மவ?"

"பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்தேன். அவ கட்டில்ல கெடந்தா."

"சொல்லுங்க."

"'அந்தப் புத்தகத்த மூடிட்டு, இங்கன வந்து செத்த நேரம் உக்காருங்க'ன்னா."