மூன்றாவது மாத்திரை

மெஹர் நிஷாவின் இருமலுக்கு ஒரு பெயர் கிடைக்க இரண்டு குளிர்காலம் ஆனது. முதலில் அலர்ஜி என்றார்கள், பிறகு ஆஸ்துமா. கடைசியில் நுரையீரல் நிபுணர் டாக்டர் ஹால்பெர்ன் அவளுடைய சளியைச் சோதனைக்கு அனுப்பினார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. டி.பி. இல்லை, ஆனால் டி.பி. கிருமிக்குத் தூரத்துச் சொந்தம். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் இருப்பது. யாருக்கும் தொற்றாது. சின்ன வயதில் வந்த நிமோனியாவால் பழுதுபட்டிருந்த அவள் நுரையீரலில் அது சத்தமில்லாமல் குடியேறிவிட்டது.

மூன்று ஆன்டிபயாடிக் மாத்திரைகள், வாரத்தில் மூன்று நாள் என்றார் டாக்டர். சளி சுத்தமான பிறகும் ஒரு வருடம் சாப்பிட வேண்டும். முதல் மாத்திரையால் காதில் இரைச்சல் வரலாம். இரண்டாவது கண்ணீரைக்கூட ஆரஞ்சு நிறமாக்கும், ஈரலைக் கவனித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது எத்தாம்புட்டால். அது நூறில் ஓரிருவருக்குக் கண் நரம்பைக் கெடுக்கும். முதலில் மங்குவது பெரும்பாலும் சிவப்பும் பச்சையும்தான்.

மெஹர் நிஷா ஐசலின் என்ற அமெரிக்க ஊரில் தன் வீட்டு பேஸ்மென்ட்டில் பதினாறு வருடமாக பிளவுஸ் தைக்கிறாள். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் புடவை வாங்குகிறவர்கள் நேராக அவளிடம் வந்து, "மேட்சிங் நீங்களே பாத்துக்கோங்க" என்று பையை வைத்துவிட்டுப் போவார்கள். அரக்குக்கும் மெரூனுக்கும் நடுவே எத்தனை படிகள் உண்டு என்று அவளுக்குத் தெரியும்.

"இப்ப ஆரம்பிக்கலன்னா என்ன ஆகும்?" என்று அவள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆறு மாதம் காத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்றார் அவர். சிலருக்கு நோய் அப்படியே நின்றுவிடும். சிலருக்கு நுரையீரலில் ஓட்டை விழும். "நீங்கள் இதில் எந்த ரகம் என்று எனக்கு இப்போது தெரியாது." அவர் மழுப்பாமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

காரில் ஏறியதும் கணவர் நூர் அகமது ஆரம்பித்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? லங்ஸ் முக்கியமா, பிளவுஸ் முக்கியமா?"

"நான் பிளவுஸைச் சொல்லலைங்க. கண்ணைச் சொல்றேன்."

அவர் வண்டியைக் கிளப்பினார்.

அவள் காத்திருந்தாள். அந்த ஆறு மாதத்தில் ஐந்து கிலோ இறங்கினாள். பேஸ்மென்ட் படியேறி வந்தால் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பேச்சு வந்தது. புது ஸ்கேனில் ஓட்டை எதுவும் இல்லை, ஆனால் புள்ளிகள் இரண்டு பக்கமும் பரவியிருந்தன. டெக்சாஸில் வேலை பார்க்கும் மகள் அஸ்ஃபியா வீடியோவில் ஒரு நிமிடம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "அம்மா, யூ லுக் ஸோ டயர்ட்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மெஹர் நிஷா மாத்திரைக்குச் சம்மதித்தாள். மாதாமாதம் கண் பரிசோதனை வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் ஒத்துக்கொண்டார். வீட்டிலும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடுமாம்.

அவள் இருபது நூல்கண்டுகளை எடுத்தாள். ரோஜாச் சிவப்பில் தொடங்கி பாக்கு நிறம் வரைக்கும். அடியில் எண் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை வெளிச்சத்தில் அவற்றைக் கலைத்து, முதலில் வலது கண்ணை மூடி வரிசைப்படுத்துவாள், பிறகு இடது கண்ணை மூடி. அப்புறம் கவிழ்த்து எண்களைச் சரிபார்ப்பாள்.

முதல் மாதம் வாந்தியிலேயே போனது. மூன்றாம் மாதம் பசி திரும்பியது. நான்காம் மாதச் சளிச் சோதனையில் கிருமி வளரவில்லை. மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்கு நடந்தே போய், வேலையிலிருந்து ரயிலில் வந்திறங்கிய நூர் அகமதுவை அவள் ஆச்சரியப்படுத்திய நாளும் உண்டு.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிறு. வலது கண்ணை மூடி அடுக்கிய வரிசையில் ஏழும் ஒன்பதும் இடம் மாறியிருந்தன. வெளியே மேகமாக இருந்தது. அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை நல்ல வெயில். நான்கு கண்டுகள் மாறின. செவ்வாய்க்கிழமை இடது கண்ணால் பார்த்தபோது சிவப்பெல்லாம் பலமுறை துவைத்த துணிபோல் இருந்தது.

புதன்கிழமையும் சொல்லவில்லை. அன்று மாத்திரை நாள். மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் கிருமி திரும்பும், அதுவும் மருந்துக்கு அடங்காததாகத் திரும்பலாம் என்று டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். நடந்து போன ஸ்டேஷன் நினைவுக்கு வந்தது. மாத்திரைகளை விழுங்கிவிட்டாள்.

வியாழன் காலை, வேலைக்குக் கிளம்பிய கணவரிடம் சொன்னாள்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

அவர் லேப்டாப் பையைத் தரையில் வைத்தார். "ஏன் மெஹர் சொல்லல?"

"இப்பதாங்க நல்லா மூச்சு விடுறேன்."

அவர் திட்டவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, போனை எடுத்து டாக்டர் நம்பரைப் போட்டு அவளிடம் கொடுத்தார். அரைமணி நேரத்தில் நர்ஸ் திரும்பக் கூப்பிட்டார். எத்தாம்புட்டால் இனி வேண்டாம், மற்ற இரண்டையும் விடாதீர்கள், இன்றே கண் டாக்டரிடம் போங்கள். அங்கே பார்த்ததில் இடது கண் நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. வலது கண்ணில் லேசான தொடக்கம். சீக்கிரம் தெரிந்ததால் மீள வாய்ப்பு அதிகம் என்றார்கள். எவ்வளவு மீளும் என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் ஹால்பெர்ன் இரண்டு வழிகளை வைத்தார். இரண்டு மாத்திரை மட்டும் போதாது, மூன்றாவதாக ஒன்று வேண்டும். ஒன்று, தினமும் ஆவியாக உள்ளிழுக்கும் மருந்து. தொண்டை கட்டும், சிலருக்குக் காது கெடும், அப்படிக் கெட்டால் பெரும்பாலும் திரும்பாது. மற்றது, சிறப்பு அனுமதி வாங்கித் தர வேண்டிய மாத்திரை. இதயத் துடிப்பை ஈ.சி.ஜி. எடுத்துக் கண்காணிக்க வேண்டும். தோல் கருக்கும். நிறுத்திய பிறகு நிறம் மெதுவாகத் திரும்பும், மாதக்கணக்கில் ஆகலாம்.

"கருக்கும்னா எவ்ளோ?" என்று நூர் அகமது மனைவியிடம் தமிழில் முணுமுணுத்தார். "ஊருக்குப் போனா எல்லாரும் கேப்பாங்களே."

"கேக்கட்டுங்க. காது போச்சுன்னா அவங்க கேக்கறதே எனக்குக் கேக்காது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே இருந்த டாக்டர் புரியாமல் தானும் புன்னகைத்தார்.

அனுமதி வர ஐந்து வாரம் ஆனது. அந்தப் புது மாத்திரையைத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் அவள் முகமும் கைகளும் செம்பும் சாம்பலும் கலந்த நிறத்துக்கு வந்தன. பெருநாள் தொழுகையில் இரண்டு பெண்கள் தயங்கித் தயங்கி விசாரித்தார்கள். பழைய வாடிக்கையாளரான ஷ்யாமளா நேராகவே கேட்டாள், "என்ன மெஹர், பீச் வெக்கேஷனா?"

"மாத்திரைங்க. நிறுத்துனா போயிடும்."

"ஓ, ஸாரி. இருமலே இல்லையே இப்ப?"

"இல்ல," என்றாள் மெஹர் நிஷா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த சளிச் சோதனைகளும் சுத்தமாகவே வந்தன. வலது கண் முழுதாகத் தெளிந்தது. இடது கண்ணில் சிவப்பு கொஞ்சம் வெளிறியே நின்றுவிட்டது. ஒரு வருடம் ஆகியும் மாறாததால் இனி இவ்வளவுதான் என்றார் கண் டாக்டர். தையலுக்கு அது தடையாகவில்லை, ஆனால் மாலை வெளிச்சத்தில் சிவப்புத் துணிக்கு நூல் தேடுவதை அவள் விட்டுவிட்டாள். அந்த வேலையைக் காலைக்கு ஒதுக்கிவைத்தாள்.

மருந்தை நிறுத்திய நாளில், ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நூர் அகமது கேட்டார். "அந்த ஆறு மாசம் வெயிட் பண்ணாம அப்பவே ஆரம்பிச்சிருக்கலாமோ?"

மெஹர் நிஷா சீட் பெல்ட்டைப் போட்டபடி யோசித்தாள். "அப்பவே ஆரம்பிச்சிருந்தாலும் கண்ணு இதே மாதிரிதான் ஆயிருக்கும். வெயிட் பண்ணதுல எனக்கு வருத்தமில்லைங்க. அந்தப் புதன்கிழமைதான். அன்னிக்கு அதை முழுங்கியிருக்கக் கூடாது."

"ஒரு நாள் மாத்திரையில அவ்ளோ வித்தியாசம் வந்திருக்காது."

"வந்திருக்காதுதான். யாருக்குத் தெரியும்?"

அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் டிராஃபிக் இருப்பதாக மேப் காட்டியது. அவள் உள்சாலை வழியாகப் போகச் சொன்னாள். வழியில் அஸ்ஃபியாவின் போன் வந்தது.